இரண்டாம் அலெக்சாந்தர்

அலெக்சாந்தரை உலகம் முழுக்கத் தெரியும். ஆனால் எல்லாருக்கும் தெரிந்தது அருளப்பு ஆடிய அலெக்சாந்தரைத்தான். இக்னேசியஸ் ஆடிய அலெக்சாந்தரை ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் கிடையாது.

இதைக் கொஞ்சம் விளங்கப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் கூத்து என்றால் அது விடியும்வரை நடக்கும். ஒரு மனிதனின் தொண்டை அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது. அதனால் ஒரே ராசாவை இரண்டு பேர், சில வேளை மூன்று பேர், பங்கு போட்டு ஆடுவார்கள். முதல் ராசா திரைக்குள்ளே போவான். இரண்டாம் ராசா அதே மாதிரி முடியோடு வெளியே வருவான். மூக்கு மாறியிருக்கும், உயரம் மாறியிருக்கும், சபையில் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தொண்டைதான் காரணம் என்று அண்ணாவிமார் சொல்வார்கள். ஊரில் எல்லாத் தகப்பன்மாருக்கும் தங்கள் பிள்ளை ராசா வேஷம் கட்ட வேண்டும் என்ற ஆசை இருந்ததும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் அவர்களோடு கொழுவுப்படாமல் காலம் தள்ள வேண்டியிருந்ததும் வெளியில் சொல்லாத காரணம்.

அலெக்சாந்தர் கூத்தில் அருளப்பு முதல் ராசா. குதிரையை அடக்குவான், கடலைக் கடப்பான், பாரசீகத்து ராசாவை ஓட ஓட விரட்டுவான், முடி சூடுவான். பெண்கள் பிள்ளைகளை எழுப்பிவைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு பாதிச் சனம் பாயில் சரிந்துவிடும். அப்போதுதான் இக்னேசியஸ் வருவான். அவனுடைய அலெக்சாந்தருக்கு வெல்லுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வென்றதைக் காப்பாற்றுவதற்காக அலைய வேண்டும். இந்தியாவில் ஓர் ஆற்றங்கரையில் படை நின்றுவிடும். இனி ஒரு அடி வைக்கமாட்டோம் என்று சொல்லிவிடும். ராசா மூன்று நாள் கூடாரத்துக்குள் முகம் காட்டாமல் கிடப்பான். பிறகு தானே தெரிந்தெடுத்த பாலைவன வழியால் படையைத் திருப்பிக் கூட்டிப்போய் முக்கால்வாசிப் பேரைத் தாகத்துக்குத் தின்னக் கொடுப்பான். ஊர் திரும்பினால், ஆளச் சொல்லி விட்டுப்போன தளபதிகள் ஆளுக்கொரு பக்கம் கொள்ளையடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவனைத் தண்டித்தால் இன்னொருவன் கிளம்புவான். கடைசியில் சின்ன வயதிலிருந்து கூட நின்ற தோழன் எப்பெஸ்தியோன் காய்ச்சலில் சாவான். ராசா அவன் உடம்பின்மேல் விழுந்து புலம்புவான்.

அந்தப் புலம்பல்தான் இக்னேசியஸின் பேர் சொன்ன பாட்டு. இருபத்திரண்டு வயதில் முதல்தரம் பாடினான். பாடும்போது கண்ணீர் மாலை மாலையாக வரும். நடிப்பு இல்லை, நிசக் கண்ணீர். சரிந்து கிடந்த சனம் எழும்பிவிடும். கிளடிஸ் அவனை முதன்முதல் பார்த்தது அந்தப் பாட்டில்தான். ஒரு ஆம்பிளை இப்படி அழுவானா என்று தமக்கையிடம் கேட்டாளாம். அடுத்த வருடம் கலியாணம் நடந்தது.

எண்பத்தொன்பதில் இக்னேசியஸ் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தான். பார்க்டேலில் ஒரு அறையில் ஐந்து பேர், அதில் அருளப்பும் ஒருவன். பிறகு முதல் ராசா முதல் ராசாவாகவே இருந்தான்: இரண்டு கடை, ரூஜ் பக்கம் புது வீடு, கீழே பெரிய பேஸ்மென்ற். இரண்டாம் ராசா ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் கழுவும் லோண்ட்ரி ஒன்றில் வேலைக்குப் போனான். எட்டு வருடமாக அதே லோண்ட்ரி. ஸ்காபுரோவில் எட்டாம் மாடியில் இரண்டு அறை அபார்ட்மென்ற். அதற்காக அவன் குறைப்பட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

தொண்ணூற்றுமூன்றில் குடும்பத்தைக் கூப்பிட வழி வந்தது. அந்த நாளில் குடாநாட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால் இயக்கத்திடம் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கு ஒரு ஆள் பிணை நிற்கவும் வேண்டும். யார் நிற்பது என்று கிளடிஸ் எழுதிக் கேட்டாள். இக்னேசியஸ் பதில் எழுதினான்: கௌசி பொம்பிளைப் பிள்ளை, அவளைக் கூட்டிக்கொண்டு நீர் முதலில் வாரும், கீதன் ஆம்பிளைப் பிள்ளை, பின்னாலே எடுக்கலாம். இரண்டு வரி. லோண்ட்ரியில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி, வரும் வழியில் தபாலில் போட்டான். கீதனுக்கு அப்போது பதினேழு வயது.

பின்னாலே எடுக்கக் கிடைக்கவில்லை. பிணைக்காரன் பிணையாகவே இருந்தான். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது கீதனும் பெரியம்மாவோடு வன்னிக்குப் போனான். அங்கே போய் இரண்டாம் மாதம் இயக்கத்துக்குப் போய்விட்டான். அடுத்த ஆடியில், வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் போன் எடுத்து, பேரை இரண்டு தரம் சொல்லி, "நீங்கள்தானே தகப்பன்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டு செய்தியைச் சொன்னார்.

அதன் பிறகு வந்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். செத்தவீட்டுக்கு வருகிற சனம் எப்படி வரும் என்று நமக்குத் தெரியும்: வாசலிலேயே குரல் எடுத்துக்கொண்டு வரும், கட்டிப்பிடிக்கும், அழ வைக்கும். அழவைப்பதுதானே அந்த வருகையின் வேலை. இவர்கள் அப்படி வரவில்லை. சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, படத்துக்கு மாலை போட்டு, நிமிர்ந்து நின்றார்கள். ரொறன்ரோவில் இருந்த ஊர்ச் சங்கத்துச் செல்வரட்ணம், ஊர் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதன், இக்னேசியஸின் கையைப் பிடித்து, "நீங்கள் ஒரு மாவீரன்ர தகப்பன், அண்ணை. நீங்கள் அழக்கூடாது" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னான். இக்னேசியஸும் மரியாதைக்கு அழாமல் நின்றான். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அழலாம் என்று இருந்தான். எல்லாரும் போனார்கள். அழுகை வரவில்லை.

அடுத்த நாளும் வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசையிலும் வரவில்லை. கிளடிஸ் தேத்தண்ணிக் கோப்பை கழுவினாலும் அழுதாள், சோறு வடித்தாலும் அழுதாள். அவன் பக்கத்தில் கட்டைபோல நிற்பான். நாலாம் மாதம் அவள் தன் தலையணையை எடுத்துக்கொண்டு கௌசியின் அறைக்குப் போனாள். போகும்போது சொன்னாள்:

"கூத்து ராசாவுக்கு ஊர் பார்க்க நிண்டு அழுதியள். பெத்த பிள்ளைக்கு ஒரு சொட்டு வரேல்லை. உங்களோட ஒரு அறைக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது."

கீதனைப் பிணை நிற்க விட்டுவிட்டு வரச்சொல்லி எழுதியது அவன்தான் என்பதை அவள் ஒருநாளும் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவனுக்கு ஓரளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் சங்கத்தின் கலைமாலை. அலெக்சாந்தர் கூத்தைப் போடுவோம் என்று தீர்மானம் வந்தபோது இக்னேசியஸுக்கு ஒரு வருடத்துக்குப் பிறகு நெஞ்சு அசைந்தது. புலம்பலைப் பாடினால் அழுகை வரும். ஊரில் எத்தனை தரம் பாடியிருக்கிறான், ஒருதரமாவது வராமல் விட்டதுண்டா? தோழன் செத்த பாட்டுக்கே வந்தது, பிள்ளை செத்த நெஞ்சோடு பாடினால் வராமல் எங்கே போகும்? கிளடிஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து அழலாம். அவனுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அருளப்பின் பேஸ்மென்றில் கூத்துப் பழக்கம் நடந்தது. இரண்டாம் ஞாயிறு செல்வரட்ணம் ஒரு கடதாசியோடு படியிறங்கி வந்தான்.

"ஹோல் மூண்டு மணியிலயிருந்து ஏழு மணிக்கு. அதுக்குள்ள பேச்சுக் கிடக்கு, பிள்ளையளின்ர டான்ஸ் கிடக்கு. கூத்துக்கு ஒண்டரை மணித்தியாலம். பாரசீகம் வெண்டு முடி சூட்டினதோட மங்களம் பாடிப்போட்டு இறங்குவம்."

"அப்ப பிற்பகுதி?" என்று இக்னேசியஸ் கேட்டான்.

"கோவியாதேங்கோ அண்ணை. நேரம் மட்டும் இல்லை. அங்க சனம் வன்னியில மரத்துக்குக் கீழ கிடக்குது. இந்த நேரத்தில படை மாட்டனெண்டு நிக்கிறதையும், ராசா திரும்பிப் போறதையும் மேடையில காட்டினால், ஆரைச் சொல்லுறியள் எண்டு கேப்பினம்."

"இரண்டாயிரத்து முந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த மனிசனைச் சொல்லுறன்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்கு?"

சனத்துக்கு எல்லாம் தெரியும். சனத்துக்குத் தெரியாது என்று சொல்கிறவர்களுக்குத்தான் சனத்தைத் தெரியாது. ஆனால் பேஸ்மென்றில் இருந்த பத்துப் பேரும் கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாவியார் சவிரிமுத்து, வயதான மனிதர், கூத்துக் கொப்பியை மூடி மடியில் வைத்தார். இருபத்தைந்து வருடமாக அந்தக் கொப்பியின் பிற்பகுதி இக்னேசியஸுடையது.

அவன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டவன் இல்லை. அன்றைக்குக் கேட்டான்.

"ஆறு வேண்டாம். பாலைவனம் வேண்டாம். காய்ச்சலும் வேண்டாம். புலம்பலை மட்டும் தாங்கோ."

"முடி சூட்டின கையோட எப்பிடி அண்ணை ஒப்பாரி வைக்கிறது?"

அருளப்புதான் வாய்திறந்தான். கொழுத்த மனிதன், நல்ல மனிதன். "முடிசூட்டுக்கு முன்னால வையுங்கோ. தோழன் போரில செத்தானெண்டு வைப்பம். புலம்பல் முடிய நான் முடியோட வாறன். மச்சான் பாடட்டும்."

செல்வரட்ணம் இக்னேசியஸின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தான். "உங்களுக்கு மாட்டனெண்டு சொல்ல எனக்கு வாயில்லை. பன்னிரண்டு நிமிசம்" என்றான். இப்படியாக எப்பெஸ்தியோன் தான் செத்த நாளுக்கு ஏழு வருடம் முந்திச் செத்தான். சாம்ராச்சியம் தோற்கத் தொடங்கிய கதை ரொறன்ரோவில் நடக்கவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், குசினி வாசலில் நின்று கிளடிஸிடம் சொன்னான்.

"கலைமாலைக்கு நீர் வரவேணும்."

"என்னத்துக்கு?"

"புலம்பல் பாடுறன்."

அவள் கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"அழுவியளோ?"

"ஓம். அழுவன்."

அன்றைக்கு அவனுக்கு அவளே சோறு போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஐந்து கிழமை அவன் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காகவே வாழ்ந்தான். லோண்ட்ரியில் மெசின்கள் போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் முழுக்குரலில் பாடிப் பார்ப்பான். அழுகை வருவது போலிருந்தால் உடனே நிறுத்திவிடுவான். இங்கே கொட்டிவிடக் கூடாது, அவள் முன்னால் வரவேண்டும் என்று சேர்த்து வைத்தான். பாட்டின் ஒவ்வொரு அடியும் முன்பு விளங்காத மாதிரி விளங்கியது. பாலைவன வழி குறுக்கு வழி என்று ராசாதான் தெரிந்தெடுத்தான். ஒருவரும் சொல்லவில்லை, அவனே சொன்னான், படை நம்பி வந்தது. இதைத் தெரியாமலா இருபத்தைந்து வருடம் பாடினோம் என்று தன்மேலேயே அவனுக்கு வெறுப்பு வந்தது.

கலைமாலை மூன்று மணிக்கு என்றால் நாலே காலுக்குத் தொடங்கியது. தலைவர் உரை, செயலாளர் உரை, அவர்கள் இரண்டு பேரையும் வாழ்த்தி ஒரு உரை. தின்ன ரோல்ஸ் வைத்திருந்த மேசையடியில் பேச்சை விடப் பெரிய பேச்சு. கூத்துத் தொடங்க ஐந்தரை. உடுப்பு ஒரு சோடிதான் கிடைத்திருந்ததால் அருளப்பு கழற்றித் தர இக்னேசியஸ் மாட்ட வேண்டும். சட்டை அவன்மேல் தொளதொளவென்று தொங்கியது. அண்ணாவியாரின் மனைவி பின்பக்கம் ஊசி குத்திக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, மத்தளக்காரர் இல்லை. முன்பகுதி முழுவதும் அடித்தவருக்கு வேலை ஆறரைக்கு, போய்விட்டார். டான்ஸுக்கு மிருதங்கம் வாசித்த ஒரு இளம் வித்துவானைச் செல்வரட்ணம் பிடித்து மேடையில் இருத்தினான். நல்ல வித்துவான்தான், ஆனால் கூத்து அடி தெரியாது. இழுத்துப் பாடவேண்டிய இடத்தில் அவனுக்குக் கை நிற்காது. தாளம் விழுந்தால் பிற்பாட்டுக்காரர் விழுவார்கள், பாட்டே சரிந்துவிடும்.

திரை விலகியது. இக்னேசியஸ் எப்பெஸ்தியோனின் உடம்புக்கு முன்னால் முழங்காலில் இருந்தான். மூன்றாவது வரிசையில் கிளடிஸ் இருந்தாள், நீலச் சேலை, கண் துடைக்கக் கையில் லேஞ்சி. அவளைக் கண்டதும் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ மேலே ஏறியது. வருகிறது என்று நினைத்தான். பாடத் தொடங்கினான்.

*ஏழு நாடு வென்ற கையால் – உன்
இமை மூடவோ வந்தேன் – தோழா
இமை மூடவோ வந்தேன்*

இரண்டாவது அடியில் மிருதங்கம் முந்தியது. அவன் குரலை இழுத்துப் பிடித்து, தொடையில் கையால் தட்டி, அந்தப் பொடியனுக்கு இடம் காட்டினான். அவன் பிடித்துக்கொண்டான். அடுத்த அடியில் மறுபடி முந்தினான். இக்னேசியஸ் மறுபடி தட்டினான். அப்படியே பன்னிரண்டு நிமிடம். ஒரு அடி பிசகவில்லை, ஒரு சுருதி விலகவில்லை. அவன் வாழ்க்கையில் அந்தப் பாட்டை அவ்வளவு சுத்தமாகப் பாடியதே கிடையாது.

மண்டபம் அழுதது. சும்மா சொல்லவில்லை. ரோல்ஸ் மேசையடியில் நின்ற ஆம்பிளைகள் வாயில் வைத்ததை விழுங்காமல் அழுதார்கள். அப்பனை விட்டுவிட்டு வந்தவன், தங்கச்சியைத் தேடிக்கொண்டிருந்தவள், கடிதம் வராதவர்கள், கடிதம் வந்தவர்கள், எல்லாரும் ஒன்றாக அழுதார்கள். செல்வரட்ணம் திரைக்குப் பக்கத்தில் நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். கிளடிஸ் லேஞ்சியை வாயில் திணித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, அழுதுகொண்டே, அவன் கண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மண்டபத்தில் கண் காய்ந்திருந்த மனிதன் ஒருவன்தான். அவன் முடியோடு முழங்காலில் இருந்து பாடிக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் எழும்பி நின்று கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு அருளப்பு சட்டையையும் முடியையும் திருப்பி வாங்கி மாட்டிக்கொண்டு சக்கரவர்த்தியாகி, மங்களமும் பாடி முடித்தான்.

காரில் கௌசி பின் சீற்றில் ஏறினாள். கிளடிஸ் முன்னால் அவன் பக்கத்தில் இருந்தாள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. மூன்று சிக்னல் தாண்டிய பிறகு அவள் கேட்டாள்:

"அந்த நேரம் கீதனை நினைச்சனீங்களோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அவள் நம்பியிருப்பாள், நம்புவதற்காகத்தான் கேட்டாள். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் அந்தப் பிள்ளையின் பேரில் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

"இல்லையப்பா" என்றான். "மேளக்காரப் பொடியன் தாளத்தை விட்டுக்கொண்டிருந்தவன். அதைத்தான் நினைச்சுக்கொண்டு பாடினனான்."

கிளடிஸ் தலையை ஆட்டினாள். விளங்கியது என்கிற மாதிரி, மெல்ல, இரண்டு தரம். பிறகு, வழியில் கண்டு கதைக்கிற யாரோ ஒரு அன்ரி போல, "நல்ல வடிவாப் பாடினியள்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கௌசியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.